கடல் தண்ணீரில் ஓடிய பிளசர்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் என் வாய் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒருவர் பெரியப்பா, இன்னொருவர் பெரியம்மா. ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டார்கள், ஒரே கோயிலுக்கு ஒரே நாளில் போனார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் பேச்சில்லை.

"ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு, வெந்நி ஆறுதுன்னு."

"ஒங்க பெரியம்மாகிட்டச் சொல்லு, ஆறட்டும்னு."

இருவருக்கும் நடுவே நான்கு அடி தூரம் இருந்தால் அதிகம். நான் அந்த நான்கு அடியை நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவேன். நான் தூது சொல்லப் பழகுவதற்கு முன்னால் எப்படிச் சமாளித்தார்கள் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். அப்போதெல்லாம் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள், சுவர் பதில் சொல்லாததால் ரொம்பச் சிரமம் என்றாள். அதனால் வீட்டையே நான்தான் நடத்துகிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் மற்றப் பிள்ளைகள் விளையாடப் போகும். நான் வீட்டுக்கு ஓடுவேன். சொல்ல வேண்டியது எவ்வளவு சேர்ந்து கிடக்கிறதோ!

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கடலை ஒட்டி இருக்கிறது. பெரியப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, சூடை, கட்டா என்று வாங்கி, மூட்டை கட்டி மதுரைப் பக்கம் லாரியில் அனுப்புவார். கை நன்றாக இருந்த ஒரு காலத்தில் பழைய லேண்ட்மாஸ்டர் கார் ஒன்றை வாங்கினார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காரைக் கார் என்று சொல்ல மாட்டார்கள், பிளசர் என்பார்கள். அந்தப் பிளசரை வாங்கியதே பெரியம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப் போகத்தான். அவளுக்கு முழங்காலில் வாதம், பஸ் படி ஏற முடியாது. ராமநாதசுவாமியைத் தரிசித்து இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதாக நேர்ந்திருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நேர்ச்சை என்னவென்று அதனால் யாரும் கேட்டதில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் லாரி வரவில்லை. சரக்கு கெட்டுப் போகும் என்று பெரியப்பா பதினான்கு மூட்டைக் கருவாட்டைப் பிளசரில் அடைத்து ராமநாதபுரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். வந்து, கழுவித் துடைத்து, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்தார். மறுநாள் விடியக்காலை, ஒரு மண்டலம் விரதம் இருந்த பெரியம்மா தலைக்குக் குளித்து மஞ்சள் சேலை கட்டி, பூ வைத்து, கார்க் கதவைத் திறந்தாள். ஊதுபத்தி வாசமும் கருவாட்டு வாசமும் சேர்ந்து வந்து முகத்தில் அடித்தது.

"சாமிக்குப் போற வண்டியிலயா கருவாட்டை ஏத்துனீக?"

"கருவாடுதான் நமக்குச் சோறு போடுது. சாமி ஒண்ணும் சொல்லாது."

சாமி ஒன்றும் சொல்லவில்லைதான். பெரியம்மா சொன்னாள். விறுவிறுவென்று உள்ளே போய், எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கு முன்னால் நின்று, "என்னைக்கு இதே வண்டியில, வாசம் இல்லாம, என்னை ராமேஸ்வரம் கொண்டுபோய்ச் சேக்கிறாகளோ அன்னைக்குத்தான் அவுக கூட எனக்குப் பேச்சு" என்றாள். அதைக் கேட்ட பெரியப்பா, அப்படியானால் அந்த வண்டி இருக்கிற இடத்தை விட்டு நகராது என்று சொல்லி, கொல்லையில் கொண்டுபோய் நிறுத்திச் சாவியைக் கழற்றி வைத்துவிட்டார்.

கோபம் இரண்டு பேருக்கும் ஒரு வாரத்தில் தணிந்துவிட்டதாம். ஆனால் விளக்கு முன்னால் சொன்ன சொல் அப்படியே நின்றது. எங்கள் பக்கத்தில் எரிகிற விளக்குக்கு எதிரே சொன்னால் அது சாமிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. வாடகைக் கார் பிடிக்கலாம் மதினி என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "இதே வண்டின்னு சொல்லிட்டேனே தம்பி" என்று பெரியம்மா கையை விரித்துக் காட்டுவாள். பெரியப்பாவுக்கோ வண்டி நகராது என்று சொல்லிவிட்ட வீம்பு. இப்படியே ஆறு வருடம் போயிற்று. கொல்லையில் பிளசர் மக்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் கோழிகள் முட்டை இட்டன, பின் சீட்டில் அடைந்தன. தரைத் தகட்டை ஓட்டை போட்டுக்கொண்டு முளைத்த சீமைக்கருவேலம் ஒன்று ஜன்னல் வழியே கையை நீட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மரமே உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கண்மாய், ஊருணி எல்லாம் நிறைந்து கிடந்தன. மார்கழியில் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, பெரியம்மாவை மூத்தக்கா என்பார். மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் மீன்பிடி வள்ளங்களுக்கு இன்சின் பார்க்கிறவர். மாமா கை வைத்து ஓடாத இன்சின் கிடையாது என்பார்கள். ஓடிக்கொண்டிருந்த இன்சினும் மாமா கை வைத்து நின்றதுண்டு என்பார் அப்பா. உடைந்துபோன ஒரு வள்ளத்தின் டீசல் இன்சினை மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினார்.

"இதை எதுக்குடா இங்க கொண்டு வந்தே?" என்று அம்மா கேட்டாள்.

"மூத்தக்காவைப் பேச வைக்கிறதுக்கு" என்றார் மாமா.

அன்று சாப்பிடும்போது பெரியப்பாவிடம், "மச்சான், அந்தப் பிளசரைக் கொஞ்சம் பாக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். பெரியப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் காலையில் மாமாவின் ஸ்பானர் பெட்டி மேலே துருப்பிடித்த சாவி இருந்தது. வைத்தவர் பக்கத்தில் இல்லை. சற்று நேரத்தில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு, கோழிக்கு வேற கூடு பாக்கணும்னு."

நான் போய்ச் சொன்னேன். "பாப்போம்னு சொல்லு" என்றார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கோழிக்கூட்டில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வேலை தை பிறக்கும் வரை நடந்தது. கருவேல மரத்தை வெட்டி எடுக்கவே ஒரு நாள் ஆயிற்று. தரைத் தகடு முழுவதும் துரு. மாமாவின் கூட்டாளியான வள்ளம் கட்டுகிற ஆசாரி வந்து, தகட்டுக்குப் பதிலாகப் பலகை அடித்து, இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று சவால் விட்டார். உள்ளே விழுந்த தண்ணீர் வெளியே போகவும் வழியில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. கருவாட்டு வாசம் பிடித்த பழைய மெத்தைகளைக் கடற்கரையில் போட்டுக் கொளுத்திவிட்டு, வலைக் கயிற்றால் கட்டில் பின்னுகிற மாதிரி சீட்டுப் பின்னினார்கள். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டில் வண்டி நீலமாயிற்று, பக்கத்தில் சிவப்புக் கோடு. இன்சினையும் பழைய கியரையும் சேர்க்க ராமநாதபுரம் லேத்துப் பட்டறையில் ஒரு வட்டத் தகடு கடைந்து வந்தது. வள்ளம் என்றால் நெற்றியில் எழுத்து வேண்டும் என்று மாமா சொல்ல, பெரியம்மா என் மூலமாக 'ராமநாதசுவாமி துணை' என்று எழுதச் சொன்னாள்.

முதலில் பெரியப்பா கொல்லைப் பக்கமே வரவில்லை. பிறகு கோழிக்கூடு செய்கிற சாக்கில் வந்தார். கூட்டை ஒரு கண்ணாலும் பிளசரை இன்னொரு கண்ணாலும் பார்த்தார். "அந்தப் போல்ட்டை அப்படி முறுக்காதலே மாப்ள, உடஞ்சிரும்" என்று ஒரு நாள் சத்தம் போட்டார். அன்று மாலை கொல்லைக்குப் போன தட்டில் டீ ஒரு தம்ளர் கூடுதலாக இருந்தது. சர்க்கரை போதுமா என்று கேட்டு வரச் சொன்னாள் பெரியம்மா. பெரியப்பா போதும் என்றார். நான் அதைச் சொன்னதும், "இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கொடு, அவுகளுக்கு அது பத்தாது" என்றாள்.

காரின் முன்பக்கம் இன்சினுக்கு எதிரே சல்லடை மாதிரி ஒன்று இருந்தது. ரேடியேட்டர் என்று பெரியப்பா சொன்னார். மாமா அதைத் தட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு மச்சான்? எந்த வள்ளத்துல இது இருக்கு? வெறும் பாரம்."

மாமாவே சொன்னால் சரிதான் என்று பெரியப்பா அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்துவிட்டார். காற்றோட்டத்தில் கோழிகளுக்குப் பரம சுகம்.

இன்சினை ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. கரையில் வைத்து வள்ளத்து இன்சினை ஓட்டும்போது, அதன் ரப்பர் குழாயை ஒரு டிரம் தண்ணீரில் போட்டு வைப்பது வழக்கம். இன்சின் அந்தத் தண்ணீரை உறிஞ்சிச் சூட்டை ஆற்றி, பக்கத்துக் குழாய் வழியே வெளியே துப்பும். மாமாவும் பிளசருக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம்மை வைத்து, குழாயை அதில் போட்டுச் சாவியைத் திருகினார். டப டப டப என்று கொல்லையே அதிர்ந்தது. கோழிகள் கூட்டின் மூலையில் ஒண்டிக்கொண்டன. கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ வள்ளம் ஊருக்குள் வந்துவிட்டது என்று எழுந்து வந்து பார்த்தார்கள். மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். சூடே இல்லை. பெரியம்மா அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று சொல்லியனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஓட்டுவது பெரியப்பா. மாமாவுக்குக் கடலில் எது கொடுத்தாலும் ஓட்டத் தெரியும், ரோட்டில் சைக்கிள் மட்டும்தான். முன் சீட்டில் பெரியப்பா, நடுவில் நான், ஜன்னலோரம் பெரியம்மா. பின்னால் மாமா. கைக்குழந்தையோடு அம்மா வாசலில் நின்று கும்பிட்டாள். அப்பா ஊரைத் தாண்டும் வரை சைக்கிளில் கூடவே வந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. பெரியப்பா ஆறு வருடத்துக்கு முந்தைய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார், வயிற்றுப் பொத்தான் மட்டும் பூட்டவில்லை.

ஊர் எல்லையில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது இன்சினிலிருந்து கரும்புகை வந்தது, பிறகு வெள்ளைப் புகை, பிறகு ஒரு நாற்றம். பெரியப்பா நிறுத்தினார். மாமா இறங்கிச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் ரப்பர் குழாய் ஒரு வால் போல ரோட்டில் கிடந்தது.

"மாமா, டிரம் எங்க?" என்று கேட்டேன்.

"நடுக்கடல்ல போறப்ப எவனாச்சும் டிரம் தூக்கிட்டுப் போவானாடி?"

"இது கடல் இல்லையே மாமா."

மாமா என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபது வருடம் இன்சின் பார்த்த மனிதர், கார் தரையில்தான் ஓடும் என்பதை மறந்துவிட்டிருந்தார். அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்து, "திரும்பிருவோமான்னு கேளு" என்றார் என்னிடம். அந்தக் குரல் எனக்குப் புதியது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அவரால் கெட்டது, இன்றும் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

பெரியம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "இன்னைக்குத் திரும்பினா இனி இந்த சென்மத்துல இல்லைன்னு சொல்லு. டிரம்மையும் ஏத்திட்டு வரச் சொல்லு."

அப்பா போய் டிரம்மைக் கொண்டுவந்தார். அதை டிக்கியில் வைத்து, பின்சீட்டுத் தகட்டில் ஓட்டை போட்டுக் குழாயை முன்னால் இழுத்துவிட்டார் மாமா. இன்சின் குடிக்கிற தண்ணீர், வள்ளத்தில் ஊற்றுகிற மாதிரியே, பெரியம்மாவின் ஜன்னலுக்குக் கீழே சொர்ரென்று ரோட்டில் ஊற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீரைத் திரும்ப டிரம்முக்குள்ளேயே விட்டால் என்ன என்று கேட்டேன். "சுட்ட தண்ணி சூட்டை ஆத்துமாடி, கிறுக்கி?" என்றார் மாமா. உலகத்தில் உள்ள எல்லாக் காரும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது என்று பின்னாளில் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு டிரம் தண்ணீர் நாலைந்து கிலோமீட்டர் தாங்கியது. அதற்குள் அடுத்த தண்ணீர் வர வேண்டும். தேவிபட்டினத்தில் ஒரு வீட்டுக் கிணறு. அடுத்து ஒரு ஊருணி, அடுத்து ஒரு கண்மாய், அடுத்து அடிபம்பு. எங்கள் சீமையில் தண்ணீர் கேட்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்த வருட மழைக்கும் நெற்றியில் எழுதியிருந்த எழுத்துக்கும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தானே வாளியை வாங்கி மொண்டு கொடுத்தார். "ராமேஸ்வரத்துக்கா? போயிட்டு வாங்கம்மா, அல்லா நல்லா வச்சிருப்பான்" என்றார். பெரியம்மா வண்டிக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். டீக்கடையில் ஒருவன், "என்ன அண்ணே, வண்டி தண்ணியிலயா ஓடுது?" என்று கேட்டான். "ஆமாலே, டீசலு சும்மா வாசத்துக்கு" என்றார் மாமா.

மூன்றாவது தண்ணீரிலேயே மாமா சொல்லிவிட்டார். "அக்கா, சனங்க அங்கன போயி இருபத்திரெண்டு தீர்த்தம் ஆடுதுக. நம்ம பிளசரு இங்கனயே ஆரம்பிச்சிருச்சு." அதிலிருந்து, முன்னால் ஆன இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு இடத்துக்கும் நான் டிரம்மில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் சிந்தி முன்னால் ஓடிவந்தது. ஆசாரியின் பலகை ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை. உச்சிப்புளி தாண்டும்போது எங்கள் எல்லாருக்கும் கணுக்கால் வரை தண்ணீர்.

"ஒங்க பெரியப்பாகிட்டச் சொல்லு, காலு ஊறிச் சளி பிடிக்கும், செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தூக்கி வைக்கச் சொல்லு."

"காலைத் தூக்கி வச்சா பிரேக்கை யாரு மிதிப்பான்னு கேளு."

வழி முழுவதும் எனக்கு ஓயாத வேலை. அத்தனை சந்தோஷமாக நான் என்றுமே இருந்ததில்லை.

மண்டபத்தில் மாமா சேக்காளிகள் கடல் தண்ணீரையே மொண்டு நிரப்பினார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போனதும் இன்சின் சத்தமே மாறி, தாய்வீட்டுக்கு வந்த மாதிரி நிதானமாக ஓடியது. பாலம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம், இந்த டிரம் தாராளமாகப் போதும் என்றார் மாமா. பாம்பன் ரோட்டுப் பாலம் வந்து அப்போது ஏழெட்டு வருடங்கள்தான் ஆகியிருந்தது. பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

போதும் என்று மாமா போட்ட கணக்கில் ரயில் இல்லை. பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வரவும், முன்னால் போன யாத்திரை பஸ்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டன. நாங்கள் நடுப்பாலத்தில் ஊர்ந்தோம். நான் பெரியப்பாவின் தோளைத் தாண்டித் தலையை நீட்டி ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். டிரம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மாமாவும் ரயிலைத்தான் பார்த்தார். தண்ணீர் ஊற்றுகிற குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது பெரியம்மா ஒருத்திதான். அவள் வள்ளக்காரர் மகள். வள்ளத்தில் போகிறவர்களுக்கு அந்தத் தண்ணீர் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும், அது நின்றால் இன்சின் போயிற்று என்று பொருள். அவள் என்னைத் தொட்டாளாம், ஆத்தா ஆத்தா என்று கூப்பிட்டாளாம். எனக்கு ரயில் சத்தத்தில் கேட்கவில்லை.

"என்னங்க! தண்ணி நின்னுருச்சு! வண்டியை நிறுத்துங்க!"

பெரியப்பா நிறுத்தவில்லை. ரோட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் திரும்பிப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "மச்சான், பஸ்ஸு! பஸ்ஸு!" என்று மாமா பின்னாலிருந்து அலறிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் ராமநாதசுவாமி துணைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

இன்சின் அணைந்தது. காற்று மட்டும் ஊளையிட்டது. பெரியம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "சொல்லு தவறிப் போச்சே! கோயிலுக்குப் போய்ச் சேரலையே, அதுக்குள்ள வாயைத் திறந்துட்டேனே, அப்பனே" என்று கண் கலங்கினாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, தவறுக்குக் காணிக்கை முடிந்து வைக்க மஞ்சள் துணியைத் தேடினாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பெரியம்மாவிடமே பேசினார்.

"இப்ப மொள்ளப் போற தண்ணியோட இருபத்திரெண்டு. நான் வழி முழுக்க எண்ணிக்கிட்டுத்தான் வாரேன். இருபத்திரெண்டு ஆடியாச்சுன்னா அது ராமேஸ்வரம்தான். நீ ஒண்ணும் தவறலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரம்மில் நானே போட்ட கோடு பதினெட்டு. இதைச் சேர்த்தாலும் பத்தொன்பதுதான். பெரியப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இல்ல பெரியப்பா, பத்தொ..." என்று ஆரம்பித்தேன். மாமாவின் கை பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தியது. கிரீஸ் நாற்றம்.

பெரியம்மாவும் எண்ணிக்கொண்டுதான் வந்தாள் என்பது எனக்குத் தெரியும், ஒவ்வொரு தண்ணீருக்கும் அவள் விரல் மடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவள் பெரியப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காசை மஞ்சள் துணியில் முடிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அப்ப மொள்ளுங்க" என்றாள்.

நல்ல வேளை, வள்ளத்துப் பழக்கத்தில் மாமா டிக்கியில் நங்கூரக் கயிறு போட்டு வைத்திருந்தார். வாளியைக் கட்டிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இறக்கினார் மாமா. காற்று வாளியை ஊஞ்சலாட்டியது. அந்த நேரம் பாலத்துக்கடியில் ஒரு வள்ளம் வந்தது. அதிலிருந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"ஏலே, மேல என்னலே பண்றீய? கொஞ்சம் முன்னால வள்ளத்து இன்சின் சத்தம் மேலயிருந்துல்ல கேட்டுச்சு!"

"ரோட்டுல ஓடுற வள்ளம்லே! நின்னு போச்சு! வாளியில மொண்டு விடுலே!"

"கரையில ஓட்டத் தெரியாதவன்தான் கடலுக்கு வருவான், நீ கடல்ல ஓட்டத் தெரியாம மேல ஏறிட்டியாக்கும்!"

ஆனாலும் அவன் வாளியைப் பிடித்து நிரப்பி நிரப்பி விட்டான். பெரியப்பா இழுத்தார். மூன்றாவது வாளிக்கு மூச்சு வாங்கியது. பெரியம்மா வாத முழங்காலோடு இறங்கி வந்து, அவருக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள்.

"நீ விடு, கை காந்திரும்."

"எங்கப்பாரு வள்ளத்துல நான் இழுக்காத கயிறா? நீங்க ஒழுங்கா இழுங்க."

பஸ்ஸில் இருந்த வடநாட்டு யாத்திரைக்காரர்கள் ரயிலை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். இதுவும் இந்த ஊர்ச் சடங்கு போலும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு அம்மாள் கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். இன்சின் ஆறும் வரை காத்திருந்து, தண்ணீர் விட்டு, மாமா சாவியைத் திருகினார். டப டப டப. கீழே வள்ளத்தில் விசில் அடித்தார்கள்.

அன்று சத்திரத்தில் தங்கி, மறுநாள் விடியற்காலை அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணற்றிலும் நனைந்து, ஈரத்தை மாற்றிக்கொண்டு சுவாமியைக் கண்குளிரக் கண்டோம். பெரியம்மாவைப் படியிறக்கிக் கூட்டிப் போனது பெரியப்பாதான். நானும் என் பங்குக்கு ஒவ்வொரு கிணற்றடியிலும் அவர்கள் நடுவில் போய் நின்றேன். யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

திரும்பும்போது என்னைப் பின்னால் மாமாவோடு உட்காரச் சொல்லிவிட்டார்கள். டிரம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நான் உட்கார்ந்து வந்த நடு இடத்துக்குப் பெரியம்மா நகர்ந்துகொண்டாள். வண்டி கிளம்பியதிலிருந்து அவர்கள் பேசினார்கள். கோழிக்கு அந்தச் சல்லடைக் கதவு போதாது என்றாள், எண்ணெய்க்காரன் போன மாசம் என்ன சொன்னான் தெரியுமா என்றார், சட்டைக்கு வேற பொத்தான் வைக்கணும் என்றாள், முந்தாநாள் குழம்பு நல்லாயிருந்தது என்றார். ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்தது. நான் சீட்டு விளிம்பில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இதோ என்னைக் கூப்பிடுவார்கள், இதோ கூப்பிடுவார்கள் என்று. பாலம் ஏறுகிற வரை ஒருவரும் கூப்பிடவில்லை. டிரம்மிலிருந்து வந்த குழாயைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

பெரியம்மா திரும்பினாள். "ஏத்தா, எதுக்கு அழுற? பசிக்குதா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெரியப்பாகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்த பெரியப்பாவை ஒரு தரம் பார்த்தாள்.

"ஆமாத்தா" என்றாள். "மெதுவாப் போகச் சொல்லு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெரியப்பாவின் காதருகே குனிந்து, இன்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "பெரியப்பா! பெரியம்மா மெதுவாப் போகச் சொல்றாக!"

"சரின்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

"சரியாம் பெரியம்மா!"

மாமா பின்னால் சிரித்தார். பெரியப்பாவின் முதுகும் குலுங்கியது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஒருத்தி இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் என்ன பாடுபடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த செய்திக்குத் தயாராக இருவருக்கும் நடுவே தலையை நீட்டியபடி, பாலம் முடிகிற வரை நின்றுகொண்டே வந்தேன்.